வேலிக்கு அங்கால

வாழ்க்கையில் முதல் தடவையாக நூற்றுக்கு நூறு எடுத்திருந்த நிலுஜா, அதை எப்படிக் குறைப்பதென்று தெரியாமல் குசினிக்குள் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் பதினொரு மாதச் சின்னவள். காலடியில் மூன்று வயதுத் தனுஜன், சோற்றுக் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"நிலு, மிஸ் வந்திட்டா!" போனில் துஷாந்திக்கு மூச்சு வாங்கியது. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற சிநேகிதி அவள். "இப்பதான் படகால இறங்கினவ. கையில பெரிய ஃபைல். ஓட்டோக்காரனிட்ட மேர்வின்ர வீடு எது எண்டு கேட்டவவாம்."

"இந்தத் தீவில நாலு மேர்வின் இருக்குதடி."

"சூசைப்பிள்ளையின்ர வளவுக்குப் பக்கத்து மேர்வின் எண்டு கேட்டவவாம்."

அந்த மேர்வின் ஒருவன்தான். நிலுஜாவின் புருசன். கடலால் வந்து, முற்றத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

நெடுந்தீவில் இது ஒரு வசதி. வெளியாள் ஒருவர் இறங்குதுறையில் கால் வைத்தால் போதும். அவர் யார், எந்த வீட்டுக்கு, என்ன நிறச் சீலை என்ற விபரமெல்லாம் அவருடைய செருப்புக் காயுமுன்னே போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும். இனி ஓட்டோ வந்துசேர இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குள் நூறு புள்ளியைக் குறைத்தாக வேண்டும்.

அந்த நூறு வந்த கதை இதுதான். போன மாதக் கிளினிக்குக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பிரியதர்சினி என்று ஒரு மிஸ் வந்தார். சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கெல்லாம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இருபத்தைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பூச்சியம் முதல் நாலு வரை இலக்கங்கள். பொருத்தமானதைச் சுற்றி வட்டம் போடவேண்டும். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் நிலுஜாவின் தலைமயிரைப் பிடித்துத் தொங்கினாள். தனுஜன் நிறுக்கிற தராசுக்குள் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றான். கேள்வியை வாசிக்க யாருக்கு நேரம்? யாழ்ப்பாணத்துக் கை, இலக்கத்தைக் கண்டால் பெரியதைத்தான் தேடும். சோதினை என்றால் கூடுதலாக எடுக்கவேண்டும், அவ்வளவுதானே! நிலுஜா இருபத்தைந்து நாலுகளுக்கும் வடிவாக வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

துஷாந்தி ஆறுதலாக இருந்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்துப் போட்டு, தானே கூட்டிப் பார்த்து, முப்பத்தொன்று எடுத்தாள்.

"பரவாயில்லையடி, அடுத்த முறை எடுப்பாய்" என்று நிலுஜா அவளின் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள்.

மேர்வினுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓ.எல் பரீட்சையில் கணிதத்துக்கு இருபத்தெட்டு எடுத்த மனுசியல்லவா! "பிள்ளை வளக்கிற சோதினையில என்ர ஆள் நூற்றுக்கு நூறு" என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தான். யாரோ சந்தோசத்தில் ஒரு பாரைக்குட்டியும் கொடுத்துவிட்டார்கள். அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்.

நேற்றுத்தான் துஷாந்தி வந்து அந்தக் குழம்பை வயிற்றுக்குள் புளிக்க வைத்தாள்.

"நிலு, அது மாக்ஸ் இல்லையாமடி. தாய் தேப்பனுக்கு எவ்வளவு மனஅழுத்தம் எண்டு அளக்கிறதாம். கூடக் கூடத்தான் மோசமாம். மருத்துவிச்சி அக்கா சொன்னவ."

"அப்ப நூறு எண்டா?"

"நூறு எண்டா வீடு தேடி வருவினமாம்."

"வந்து?"

துஷாந்தி மேலும் கீழும் பார்த்தாள். "தாய்க்கு ஏலாதெண்டு கண்டால் பிள்ளையளைக் கொண்டுபோய் வேற இடத்தில விடுவினம் எண்டு வாசிச்சனான்."

"எங்க வாசிச்சனீ?"

"போன்ல."

போனில் வந்தால் உண்மைதானே. அன்றிரவு நிலுஜாவுக்குக் கண் மூடவில்லை. வழக்கமாகவும் மூடுவதில்லை, ஆனால் மற்ற நாட்களில் மூடவிடாதது சின்னவள்.

நிலுஜா நன்றி கெட்டவள் அல்ல. தினமும் பொழுதுபட்டதும் அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்லுவாள். கடலால் திரும்பி வந்த மேர்வினுக்காக நன்றி. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வந்ததற்காக நன்றி. கஞ்சி வைத்துத் தந்த துஷாந்திக்காக நன்றி. தனுஜன் இன்றைக்கு விழுந்தும் பல்லு உடையாததற்காக நன்றி. இந்தப் பட்டியலில் அந்தத் தீவில் அலைந்து திரியும் கட்டாக்காலிக் குதிரைகளுக்குக்கூட ஒருநாள் இடம் கிடைத்தது, அதைக் காட்டித் தனுஜனுக்கு ஒருவாய் சோறு தீத்தியதால். இடம் கிடைக்காத ஒரே ஆள் பக்கத்து வளவுச் சூசைப்பிள்ளை.

சூசைப்பிள்ளை கலியாணம் கட்டாத மனுசன். அறுபது வயது. மூன்று மாடும் ஒரு கன்றும் வைத்திருந்தார். மிச்ச நேரத்துக்கு அரசாங்கத்துக்குப் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, எழுதுவார். இறங்குதுறையில் லைற் இல்லையென்று ஏழு பெட்டிசம். பவுசர் நேரத்துக்கு வருவதில்லையென்று நாலு. மேர்வின் வள்ளத்து இயந்திரத்தை முற்றத்தில் வைத்து ஓடவிட்டுப் பார்த்ததற்கு ஒன்று. கடல் கடந்து போகிற கடதாசி நனையக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் பொலித்தீன் உறையில் போட்டு, நூலால் சுற்றிக் கட்டித்தான் அனுப்புவார். அந்தத் தீவில் அவருடைய பெட்டிசத்துக்குத் தப்பியவர்கள் இரண்டே பேர்: ஒருவர் அந்தோனியார், மற்றது மாடுகள்.

இரண்டு வளவுக்கும் நடுவில் இருப்பது கல்வேலி. அதில் தனுஜன் நாளுக்கொரு கல்லாகப் பிடுங்கி, இப்போது ஒரு மாடு தலை நீட்டுகிற அளவுக்கு ஓட்டையாகப் பொட்டு விழுந்திருந்தது. அதுவும் போதாதென்று, சின்னவள் அழத் தொடங்கினால் வேலிக்கு அங்காலிருந்து சத்தம் வரும். டங், டங், டங். சூசைப்பிள்ளை தகர வாளியைக் கல்லில் அடித்துத் தன் கோபத்தைக் காட்டுகிற சத்தம். மத்தியானம், விடியப்புறம், சாமம் என்று பாராமல் பதினொரு மாதமாக அடிக்கிறார். வாயைத் திறந்து ஒரு சொல் ஏசினாலாவது திருப்பி ஏசலாம். வாளிக்கு என்ன மறுமொழி சொல்வது?

"அந்தாளின்ர வாளிச் சத்தத்துக்குள்ளையும் என்ர பிள்ளையை நித்திரையாக்கினீரே அந்தோனியாரே, உமக்கு நன்றி" என்று நிலுஜா கண்ணீர் மல்கச் சொல்லியிருக்கிறாள்.

கிளினிக் அன்று அவள் இன்னொன்றையும் கண்டாள். தாய்மார் வரிசையில், பிள்ளையும் இல்லாமல் குட்டியும் இல்லாமல், சூசைப்பிள்ளை நின்றார். மிஸ்ஸின் கையில் எதையோ கொடுத்தார். பொலித்தீன் உறை. நூல் கட்டு. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நேற்றுத்தான் எல்லாம் சேர்ந்து விளங்கியது. நூறு புள்ளி ஒரு பக்கம், சூசைப்பிள்ளையின் பெட்டிசம் மறுபக்கம். இனிப் பிள்ளைகள் தன் கையில் நிற்குமா?

"இஞ்சேருங்கோ!" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினாள். "மிஸ் வந்திட்டாவாம். எழும்புங்கோ!"

மேர்வின் வலையோடு எழும்பினான். "நான் என்ன செய்ய?"

"முதல்ல போய்ச் சூசை மாமாவை எங்கயாவது அனுப்புங்கோ. மாட்டைக் கொண்டு மேற்குப் பக்கம் போகச் சொல்லுங்கோ. அவர் நிண்டால் வாளி அடிப்பார்."

மேர்வின் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"என்னவாம்?"

"மிஸ் வாறா, ஒரு மணித்தியாலம் அங்கால போங்கோ எண்டு சொன்னனான். 'வந்திட்டாவோ?' எண்டு கேட்டுப்போட்டு உள்ள போய் வெள்ளைச் சேட் போடுறார்."

"எந்தச் சேட்?"

"திருவிழாச் சேட்."

சாட்சி சொல்லத்தான் மனுசன் ஆயத்தப்படுகிறார், வேறென்ன?

பதினைந்து நிமிடம் இருந்தது. வீட்டைப் பார்த்தால் மனஅழுத்தம் என்ற சொல்லே ஞாபகம் வரக்கூடாது. தோய்க்காத உடுப்பு, தோய்த்து மடிக்காத உடுப்பு, உடைந்த கார், தலையில்லாத பொம்மை, மூடி இல்லாத பால் போத்தல், தனுஜன் வீட்டுக்குள் குவித்து வைத்திருந்த வேலிக்கற்கள், எல்லாவற்றையும் அள்ளி அலுமாரிக்குள் தள்ளினாள். கதவு மூட மறுத்தது. மேர்வின் தோளால் முண்டுகொடுக்க, அவள் ஒரு சால்வையால் பிடியை இறுக்கிக் கட்டினாள். அந்த ஆரவாரத்தில் சின்னவள் வீரிட்டாள்.

டங், டங், டங்.

"பாத்தீங்களோ, தொடங்கிட்டார்!" நிலுஜா பல்லைக் கடித்தாள். சின்னவள் விக்கி, விசும்பி, ஏணைத் தொட்டிலுக்குள் கண் மூடினாள். "அந்தோனியாரே, உமக்கு நன்றி."

போன் மறுபடி அடித்தது. துஷாந்தி.

"நிலு, கேள். மூண்டு வயசுப் பிள்ளையிட்ட என்ன கேப்பினம் எண்டு விசாரிச்சிட்டன். முழுப் பேர், நிறம், ஒரு காலில நிக்கிறது, கட்டையை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிறது. நீ சிரிச்சபடி இரு. என்ன கேட்டாலும் சிரி. சிரிக்கிற ஆளுக்கு மனஅழுத்தம் எண்டு ஆர் சொல்லுவினம்?"

நிலுஜா தனுஜனின் வாயை அடக்க ஒரு பனங்கட்டித் துண்டைக் கையில் கொடுத்தாள். ஓட்டோ வந்து நின்றது.

பிரியதர்சினி மிஸ் முப்பத்தைந்து வயதுக்காரி. கடல் கடந்து வந்த களை முகத்தில் தெரிந்தது. கதிரையில் இருந்து, ஃபைலை மடியில் வைத்து, வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"வீடு சரியான துப்புரவா இருக்கு. பிள்ளையள் விளையாடுற சாமான் ஒண்டையும் காணேல்லை?"

"அதெல்லாம் தேவையில்லை மிஸ். ஹி ஹி. அவன் பேசாமல் இருப்பான்."

"மூண்டு வயசுப் பிள்ளை பேசாமல் இருப்பானோ?" மிஸ் எதையோ எழுதினார். "இரவில எத்தினை தரம் எழும்புறனீங்கள்?"

"எழும்புறதேயில்லை மிஸ். ஹி ஹி ஹி."

"அப்ப சின்னப் பிள்ளை பசிச்சு அழுதால்?"

நிலுஜாவிடம் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. அதையே கொஞ்சம் நீட்டிச் சிரித்தாள். மிஸ் பேனையை எடுத்து இன்னொரு வரி எழுதினார்.

மனுசி ஆழம் தெரியாமல் காலை விடுகிறாள் என்று கண்ட மேர்வின் கைகொடுக்க வந்தான். "மிஸ், இந்த வீட்டில எல்லாம் நான்தான். சமைக்கிறது, தோய்க்கிறது, பிள்ளையளை நித்திரையாக்கிறது எல்லாம் நான்."

"நல்லது. அப்ப அம்மா என்ன செய்யிறவ?"

"அவ சும்மா இருக்கிறா."

நிலுஜா சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த மேர்வின் சுவரோடு ஒட்டினான்.

"சரி, சின்னப் பிள்ளைக்குக் கடைசியா எப்ப ஊசி போட்டனீங்கள், அப்பா?"

மேர்வின் கூரையைப் பார்த்தான். நிலத்தைப் பார்த்தான். "நல்ல வெயில் நாள், மிஸ். அது மட்டும் ஞாபகம்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தனுஜனிடம் திரும்பினார். "தம்பி, உங்கட பேர் என்ன?"

தனுஜனின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பனங்கட்டி பல்லோடு ஒட்டிக்கொண்டது. "ம்ம்ம்ம்" என்றான்.

"தனுஜன் மிஸ்! மேர்வின் தனுஜன்!" என்றாள் நிலுஜா.

"பிள்ளை சொல்லட்டும், அம்மா."

"ம்ம்ம்ம்" என்றான் மேர்வின் தனுஜன்.

மிஸ் பொறுமையாக ஒரு சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினார். பனங்கட்டி ஒருவாறு இறங்கியிருந்தது. தனுஜனின் முகம் மலர்ந்தது.

"சிவப்பி!"

"ஆ?" அடுத்தது கறுப்பு அட்டை.

"கறுப்பி!"

மூன்றாவதாக வெள்ளை.

"வெள்ளைச்சி! வெள்ளைச்சி உதைக்கும்!"

மிஸ்ஸின் பேனை நின்றது. "ஆர் இவையள்?"

நிலுஜாவுக்கே தெரியாது. ஆனால் தாய்க்குத் தெரியாது என்று சொன்னால் என்ன ஆவது? "சொந்தக்காரர் மிஸ். ஹி ஹி."

"ஓம், என்ர பக்கத்துச் சொந்தம்" என்று மேர்வின் சுவரிலிருந்து குரல் கொடுத்தான்.

"வெள்ளைச்சி எண்டது?"

"மாமி."

"மாமி பிள்ளைக்கு உதைக்கிறவவோ?"

"முந்தி மிஸ். இப்ப இல்லை. திருந்திட்டா."

மிஸ் அரைப் பக்கம் எழுதினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறது என்பது நிலுஜாவுக்கு விளங்கிவிட்டது. சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தது. கடைசி நம்பிக்கையாக, "மிஸ், அவன் ஒரு காலில நல்லா நிப்பான். தனு, நில்லு பாப்பம்!" என்றாள்.

தனுஜன் நின்றான், குறையே சொல்ல முடியாது. வலக்காலைத் தூக்கி, பிடிமானத்துக்கு ஒரு கையை நீட்டி, அலுமாரியில் தொங்கிய சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

முடிச்சு அவிழ்ந்தது.

முதலில் உடுப்பு வந்தது. பிறகு கார், போத்தல், பொம்மை, பொம்மையின் தலை. கடைசியாகக் கற்கள் கடகடவென்று உருண்டு மிஸ்ஸின் செருப்படியில் போய் நின்றன. உடுப்புக் குவியல் முழங்கால் மட்டும் மூட, தனுஜன் இன்னமும் ஒரு காலில் நின்றான். பிறகு தன் கற்களைக் கண்டான். ஆனந்தம் தாங்கவில்லை. குந்தியிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கத் தொடங்கினான். ஒன்பது கல் ஏறியும் அசையவில்லை.

"இது எங்க பழகினவர்?" என்றார் மிஸ்.

"அது எங்கட கல்லில்லை மிஸ்!" நிலுஜா பதறினாள். "பக்கத்து வேலியில பிடுங்கினது. திருப்பி வைக்கத்தான் வைச்சிருந்தனாங்கள்."

களவும் ஏற்றாயிற்று. தலைக்கு மேல் வெள்ளம், இனிச் சாண் என்ன முழம் என்ன! அந்தச் சத்தத்தில் சின்னவள் எழும்பி வீட்டுக்கூரை பறக்க அழுதாள். எல்லாம் நான்தான் என்ற மேர்வின் ஓடிப்போய்த் தூக்கினான். கால் மேலே, தலை கீழே. அழுகை இரட்டித்தது. நிலுஜா வாங்கி ஆட்டினாள், தட்டினாள், உலாத்தினாள். மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டங், டங், டங்.

அவ்வளவுதான். பதினொரு மாதமாக நிலுஜாவுக்குள் கட்டிவைத்திருந்த எதுவோ அந்த அலுமாரியைப்போலவே திறந்துகொண்டது. பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி முற்றத்துக்குப் பாய்ந்தாள்.

"அடியுங்கோ! நல்லா அடியுங்கோ!" வேலிக்கு அங்கால், திருவிழாச் சேட்டோடு, கையில் வாளியோடு சூசைப்பிள்ளை திகைத்துப்போய் நின்றார். "ஓம், என்ர பிள்ளையள் கத்துங்கள்தான்! பிள்ளையெண்டால் கத்தும்! பெட்டிசம் எழுதியாச்சு, மிஸ்ஸும் வந்திட்டா, இனி உங்களுக்கு நிம்மதிதானே! கொண்டு போகட்டும், உங்கட காதுக்கு நல்ல நித்திரை கிடைக்கட்டும்!"

பிறகு மிஸ்ஸிடம் திரும்பினாள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"மிஸ், நான் சொன்னதெல்லாம் பொய். இரவில அஞ்சு தரம் எழும்புறனான். அந்த வெள்ளைச்சி ஆரெண்டு எனக்குத் தெரியாது. உங்கட தாளில வாசிக்காமல்தான் எல்லாத்துக்கும் நாலு போட்டனான். ஆனால் வாசிச்சிருந்தாலும் நாலுதான் போட்டிருப்பன். எனக்குக் களைக்குது மிஸ். சரியாக் களைக்குது. அதுக்காக என்ர பிள்ளையளைத் தாங்கோ எண்டு கேட்டிடாதேங்கோ. நித்திரை இல்லாட்டிலும் பரவாயில்லை, இதுகள் இல்லாமல் என்னால ஏலாது."

கண்ணீரைச் சின்னவளின் சட்டையில் துடைத்தாள். மேர்வின் முற்றத்தில் கிடந்த வலையையும் அள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவளுடைய தோளில் வலையோடு கையை வைத்தான்.

"எந்த நாலு?" என்றார் மிஸ்.

"என்ர தாளில, மிஸ். நூற்றுக்கு நூறு."

"அம்மா, உங்கட தாள் எங்களிட்ட இல்லை. அண்டைக்குத் திரும்பிப் போகேக்க கடல் சரியான கொந்தளிப்பு. பை நனைஞ்சு, உங்கட ஆக்கள் எழுதின எல்லாம் கரைஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டிப்போச்சு. பிள்ளையளைக் கொண்டு போகவோ? எனக்கு வீட்டில ரெண்டு வயசில ஒண்டு இருக்கு. அதை வைச்சே நான் படுற பாடு காணும்." மிஸ் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "கரையாமல் தப்பினது ஒரேயொரு தாள்தான். அதுக்காகத்தான் வந்தனான்."

ஃபைலுக்குள்ளிருந்து அதை எடுத்தார். பொலித்தீன் உறை. நூல் கட்டு.

கேள்வித்தாளேதான். மேலே 'பிள்ளைக்கு உறவு' என்ற இடத்தில் தாய் என்பதும் தகப்பன் என்பதும் வெட்டப்பட்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வேலிக்கு அங்கால' என்று எழுதியிருந்தது. மறுபக்கம் முழுக்கப் பெட்டிசம். மிஸ் அதை வாசித்தார்:

"கனம் பொருந்திய மிஸ் அவர்கட்கு, இத்தீவின் நிரந்தர வாசியாகிய சூசைப்பிள்ளை தாழ்மையுடன் அறியத்தருவது. பக்கத்து வளவு மேர்வின் வீட்டுத் தாய் பத்து மாதமாக ஒழுங்கான நித்திரை இன்றி இருக்கிறாள். புருசன் நல்ல பொடியன், ஆனால் கரைக்கு வந்தால் அவனும் ஒரு பிள்ளைதான். ஆகவே அவளுக்குத் தினமும் பின்னேரம் இரண்டு மணித்தியால நித்திரைக்கு ஆவன செய்யும்படி வேண்டுகிறேன். அந்நேரம் பிள்ளைகளை நான் பார்ப்பேன். பெரியவன் வேலிப் பொட்டால் என் மாடுகளோடு நல்ல பழக்கம். நான் கேட்டால் தரமாட்டாள், என்னில் ஏனோ கோபம். மிஸ் சொன்னால் கேட்பாள்."

வேலிப் பொட்டால் ஒரு வெள்ளை மாடு தலையை நீட்டியது.

"வெள்ளைச்சி!" என்று தனுஜன் ஓடினான்.

"ஓ, மாமி" என்றார் மிஸ்.

மேர்வின் பார்வையை வலைக்குள் புதைத்துக்கொண்டான். மிஸ் ஃபைலைத் திறந்து, எழுதிய அரைப் பக்கத்தையும் குறுக்கே வெட்டினார். "மகனைப் பற்றி ஒரு பயமும் வேண்டாம், அம்மா. நிறம் தெரியுது, ஒன்பது கல்லு அடுக்கிறார், உடுப்பு மலை விழுந்தாலும் ஒரு காலில நிக்கிறார். இனி உங்களைத்தான் பாக்கவேணும். இந்தப் பெட்டிசத்துக்கு நான் ஓம் எண்டு எழுதட்டோ?"

நிலுஜா தலையை ஆட்டினாள். பதினொரு மாதமாக அந்தோனியாருக்குச் சொன்ன நன்றிகள் அத்தனையும் அவளுக்கு ஞாபகம் வந்தன. பவுசருக்கு நன்றி, பாரைக்குட்டிக்கு நன்றி, குதிரைக்கு நன்றி. இந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டோமே என்று நினைத்தபடி வேலிக் கரைக்குப் போனாள்.

"மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"அதை விடு, பிள்ளை. சின்னவளைத் தா. நீ போய்ப் படு."

சின்னவள் அழுகை அடங்கி, அவருடைய கையிலிருந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலுஜா அவளை வேலிக்கு மேலால் நீட்டினாள். நீட்டிய கை நடுவழியில் நின்றது.

"ஒண்டு கேக்கட்டோ, மாமா? எங்களில இவ்வளவு பாசம் எண்டால், பிள்ளை கத்தேக்கையெல்லாம் ஏன் வாளியால அடிச்சு எங்களை ஏசினனீங்கள்?"

சூசைப்பிள்ளை வாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திருவிழாச் சேட்டில் கையைத் துடைத்து, பிள்ளையைப் பக்குவமாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏசினதோ? கண்டுக்குட்டி அழுதால் வாளியைத் தட்டித்தான் ஆத்துறனான். எனக்குத் தெரிஞ்ச தாலாட்டு உது ஒண்டுதான், மோனை."